டைனோசர் பொம்மைக்குப் புதுச் சாயம்: வீவக வீட்டில், இந்த ஈரக் காற்றில் எப்படி?

ஈசூன்வாசி

வணக்கம். கையில் இரண்டு பொம்மைகள். ஒன்று 1:35 அளவு டைரனோசாரஸ், அசையாத பிவிசி உருவம், மூக்கிலிருந்து வால் நுனிவரை 33 சென்டிமீட்டர். உடம்பு கெட்டி. விரல், வால் நுனி, கீழ்த்தாடை மூன்றும் நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மெத்து. மற்றது தாடையும் கால்களும் அசைகிற, முதுகை அழுத்தினால் உறுமுகிற கார்னோட்டாரஸ்.

டைரனோசாரஸில் செய்ய நினைப்பவை: பல் துருத்தித் தெரியாமல் உதடு வைப்பது, தரையைப் பார்க்கும் உள்ளங்கைகளை ஒன்றையொன்று பார்க்கத் திருப்புவது, வலப்பக்கம் சாய ஆரம்பித்திருக்கும் கால்களை நிமிர்த்துவது, பிறகு முழுக்கப் புதுச் சாயம். கார்னோட்டாரஸுக்குச் சாயம் மட்டும்.

ஏர்பிரஷ் கிடையாது, தூரிகைதான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக், இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்சி புட்டி, சூப்பர் குளூ, ஒரு லாக்கர் பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்பிரே கேன் இருக்கின்றன. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, ஐந்தாம் மாடி, ஒரு பக்கம் பொதுத் தாழ்வாரம்.

கேட்க வேண்டியது மூன்று. மெத்தான பிவிசியில் லாக்கர் காயாது என்கிறார்கள். உடம்புக்கு மட்டும் அதை அடித்துவிட்டு விரல், வாலைத் தூரிகையால் பூசினால் ஒத்துவருமா? உதட்டுக்கு எந்தப் புட்டி, மெத்தான தாடையில் அது நிற்குமா? மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துப்போவது நம்ம ஊர் ஈரத்தாலா, அடிக்கிற விதத்தாலா?

தூரிகைக்காரன்

லாக்கர் கேனை வேறு வேலைக்கு எடுத்து வையுங்கள். உடம்பில் மட்டும் அடிப்பதும் சூதாட்டம்தான்.

பிவிசி இயல்பில் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பானது. அதை வளையவைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பதமான பொருளைக் கலக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு பிணைந்துவிடுவதில்லை. நடுவில் தங்கியிருந்து மெல்ல மெல்ல மேலே ஊறி வரும். லாக்கர், எனாமல் இரண்டிலும் உள்ள கரைப்பான் பொம்மையின் மேல்தோலை இளக்கி, அந்த ஊறலுக்கு வழி திறந்துவிடுகிறது. மேலே வந்த எண்ணெய் சாயப் படலத்துக்குள் புகுந்து அதையும் இளக்கும். மாதக் கணக்கில் வைத்தாலும் விரல் ரேகை பதிவது இதனால்தான். சாயம் காயாமல் இருக்கவில்லை, காய்ந்ததே மறுபடி இளகுகிறது. வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் நிலைமையை மோசமாக்கும், சூட்டில் ஊறல் கூடும். கெட்டியான உடம்பில் இந்த எண்ணெய் குறைவு. அதனால் தப்பிக்க வாய்ப்பு அதிகம், உத்தரவாதம் இல்லை. ஒரே பொம்மையில் பாகத்துக்குப் பாகம் கலவை மாறும் என்பது நீங்களே நகம் வைத்துக் கண்டதுதானே.

சாயத்துக்கு முன் கழுவ வேண்டும். அச்சிலிருந்து வழுக்கி வர இட்ட பொருள் செதில் இடுக்குகளில் தங்கியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, பழைய பல் தூரிகை. வாய்க்குள்ளும் அக்குளிலும் கவனம், சாயம் முதலில் உரிவது அங்கேதான். அலசிவிட்டு ஒரு நாள் உலரவிடுங்கள். பிறகு 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒரு துடைப்பு. ஊறவைக்க வேண்டாம். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி மட்டும் கிட்டேயே வரக்கூடாது; பிவிசி இளகி செதில் வடிவமே வழிந்துபோகும்.

தொழிற்சாலைச் சாயத்தை உரிக்காதீர்கள். அது பிளாஸ்டிக்கை நன்றாகக் கவ்வியிருக்கிறது, இலவசமாகக் கிடைத்த அடிப்பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பு விளிம்புக் கோடுகளை மட்டும் புது பிளேடால், பிளேடை நிமிர்த்திப் பிடித்து, சுரண்டி எடுங்கள். மெத்தான இடத்தில் உப்புத்தாள் போட்டால் பஞ்சு பஞ்சாக எழும்பும். கெட்டியான இடத்தில் 400, பிறகு 800, தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம்.

பிரைமருக்கு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்-பாலியூரித்தேன் வகை. வல்லேஹோ சர்ஃபேஸ் பிரைமர் போன்றது. தூரிகையாலேயே பூசலாம். 10 மில்லிமீட்டர் தட்டைத் தூரிகை, சாம்பல் நிறம், மெல்லிசாக இரண்டு பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, கேவலமாகத்தான் தெரியும். அதை மூடிவிடவேண்டும் என்று அந்த இடத்திலேயே மறுபடி இழுத்தால் பாதி காய்ந்த படலம் சுருண்டு வரும். ஒரு மணி நேரம் விட்டு இரண்டாவது. அதற்குப் பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள்.

எதற்கும் முன்னால் உள்ளங்காலில் ஒரு விரல்நுனி அளவு பூசி 48 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். கட்டைவிரலை பத்து விநாடி அழுத்தி எடுத்தால் ரேகை விழக்கூடாது. மாஸ்கிங் டேப்பை ஒட்டிச் சட்டென்று இழுத்தால் டேப்பில் சாயம் வரக்கூடாது. இரண்டிலும் தேறினால் முழு உடம்புக்கும் போகலாம். மெத்தான விரலிலும் ஒரு சோதனை தனியாகச் செய்யுங்கள், உள்ளங்கால் தேறியது விரலுக்குச் சான்றாகாது.

மூன்றுகொம்பு

தூரிகைக்காரன் சொன்ன வேதியியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வால் நுனி, விரல் மாதிரி மடங்குகிற இடங்களில் பிரைமர் இல்லாமலே போகலாம் என்பது என் கட்சி. அந்த பாலியூரித்தேன் பிரைமர் காய்ந்தால் ஒரு தோல் மாதிரி நிற்கும். ஒரு ஓரம் கிளம்பினால் மொத்தமாக உரித்து எடுத்துவிடலாம், உப்புத்தாள் பட்டாலும் அப்படியே கிழியும். மடங்கும் இடத்தில் எவ்வளவு குறைவான படலமோ அவ்வளவு நல்லது. தொழிற்சாலைச் சாயம் இருக்கும் விரல்களில் அக்ரிலிக்கோடு மேட் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் கலவை) பாதிக்குப் பாதி கலந்து நேரடியாகப் பூசுங்கள். மீடியம் கலந்த படலம் வளைந்து கொடுக்கும், வெறும் தண்ணீர் விட்டு நீர்த்த சாயம் வெடிக்கும். உடம்புக்கு பிரைமர் சரிதான்.

இன்னொன்று. டாமியா அக்ரிலிக் வைத்திருந்தால் அதைத் தூரிகைக்கு எடுக்காதீர்கள். அதில் ஆல்கஹால் கரைப்பான் இருப்பதால் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்துக்கொண்டு வரும். ஏர்பிரஷுக்கு அருமை, தூரிகைக்குத் தலைவலி.

இப்போது வார்னிஷ். வெள்ளை பூப்பதில் இரண்டு வகை உண்டு, பார்த்தாலே பிரித்துவிடலாம்.

உடம்பு முழுக்க ஒரே சீராகப் புகைபடிந்தது போல மங்கினால் அது ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது, காற்றின் ஈரம் அங்கே படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. நம்ம ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகல் 60 பக்கம் இறங்கும். ஆக, ஸ்பிரே அடித்தே தீர வேண்டுமென்றால் மதியம் ஒன்றிலிருந்து நாலுக்குள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அடித்துவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். பத்து, இருபது வெள்ளிக்கு ஈரமானி கிடைக்கும். 70க்கு மேல் காட்டினால் கேனைத் தொடாதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: பொம்மை ஏர்கான் அறையில் 23 டிகிரியில் இருந்திருக்கும். வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, இங்கே பெரும்பாலும் 24 டிகிரியைச் சுற்றி. அப்படியே தாழ்வாரத்துக்கு எடுத்து வந்தால், எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் படியும். அதன்மேல் அடித்த எதுவும் ஒட்டாது, வெளுக்கும். திடமான 33 சென்டிமீட்டர் பொம்மை வெளிச்சூட்டுக்கு வர ஒரு மணி நேரமாவது விடுங்கள். கேனையும் சேர்த்து.

இடுக்குகளில், செதில் பள்ளங்களில் மட்டும் வெள்ளைத் தூள் மாதிரி தங்கினால் அது ஈரமல்ல, அடிக்கிற விதம். மேட் வார்னிஷ் மங்கலாகத் தெரியக் காரணம் அதில் மிதக்கும் சிலிக்கா பொடி. புட்டியை ஆட்டாமல் எடுத்தாலும், தடியாகப் பூசிப் பள்ளத்தில் தேங்கவிட்டாலும் பொடி அங்கே குவியும். இரண்டு நிமிடம் ஆட்டுங்கள், தூரிகையில் எடுத்ததைத் துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டுப் பூசுங்கள், தேங்கியதை உலர்ந்த தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். ஏற்கெனவே பூத்துவிட்டதா? அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாகப் பூசினால் வெள்ளை மறையும். காய்ந்தபின் மேட் ஒரு பூச்சு.

என்னைக் கேட்டால் ஸ்பிரே வார்னிஷே வேண்டாம். தாழ்வாரம் பொது இடம். வாடை அண்டைவீட்டுக்குப் போகும், துகள் சுவரிலும் அவர்கள் காலணியிலும் படியும். வீட்டுக் காப்பறைக்குள் (அவசரகாலப் பாதுகாப்பு அறை) அடிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள், புகை போக வழியில்லை. எம்ஆர்டியில் எரியக்கூடிய பொருள் கொண்டுபோனால் 5,000 வெள்ளி அபராதம் என்ற படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். லாக்கர் கேன் அந்த வகைதான். தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் மேட் வார்னிஷ், தூரிகை, இரண்டு மெல்லிய பூச்சு, முடிந்தது. காயும்வரை கேமரா வைக்கும் டிரை கேபினட்டில் 45 விழுக்காட்டில் வைத்தால் இன்னும் நல்லது.

பூன்லே பல்லி

உதடு, கை, கால் மூணுக்கும் நான் சொல்றேன். இதெல்லாம் பிரைமருக்கு முன்னாடி முடியணும். வரிசை: கழுவு, வளை, வெட்டு, புட்டி, திரும்பக் கழுவு, அப்புறம்தான் பிரைமர்.

முதல்ல பொம்மை உள்ள கூடா, திடமான்னு பாருங்க. தட்டினா சத்தம் சொல்லிடும். கூடா இருந்தா வெந்நீர்ல முழுசா முக்காதீங்க, வயிறு உள்வாங்கிடும். தையல் ஓட்டை வழியா தண்ணி உள்ள போச்சுன்னா பல நாள் கழிச்சு சாயத்துக்கு அடியில கசியும்.

கால் நிமிர்த்த 80–90 டிகிரி தண்ணி. கொதிக்கிற சட்டியில போடாதீங்க ப்ரோ, அடி சட்டியில பட்ட இடம் பளபளன்னு உருகும். மக்குல ஊத்தி காலை மட்டும் தொடை வரைக்கும் ரெண்டு நிமிஷம் முக்குங்க. கையுறை போட்டு, சாய்ஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாவே வளைச்சுப் பிடிங்க. ஏன்னா விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும். அப்படியே ஐஸ் தண்ணியில ஒரு நிமிஷம். கணுக்கால்தான் பெரும்பாலும் இளகியிருக்கும், முழங்காலை வளைச்சா உடம்பு கோணும். ஒரு விஷயம் மனசுல வைங்க: பிவிசிக்கு பழைய வடிவம் நினைவு இருக்கும். மேற்கு வெயில் அடிக்கிற ஜன்னல் ஓரம் வச்சா மறுபடி சாயும். ரெண்டு காலு பொம்மைக்கு வயித்துக்குக் கீழ ஒரு 3 மில்லிமீட்டர் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தண்டு வைக்கிறதுதான் நிரந்தரத் தீர்வு.

கை. 1:35ல டைரனோசாரஸ் கை முழுசே 3 சென்டிமீட்டருக்குள்ளதான். மணிக்கட்டுல புது பிளேடால ஒரே வெட்டு, அறுக்காதீங்க, அழுத்தி இறக்குங்க. ரெண்டு முனையிலயும் கைத்துரப்பணத்தால 0.8 மில்லிமீட்டர் துளை, 4 மில்லிமீட்டர் ஆழம். பித்தளைக் கம்பி செருகி, கையை 90 டிகிரி திருப்பி, உள்ளங்கை உள்ள பார்க்குதான்னு முன்னாடியிருந்து பாருங்க. சரின்னா சூப்பர் குளூ ஊசிமுனை அளவு. கம்பி இல்லாம வெறும் குளூல ஒட்டினா மெத்தான பிவிசி வளையும், குளூ வளையாது, அதனால பிரிஞ்சிடும். அப்புறம் குளூ அதிகமா வச்சு காத்து ஆடாத இடத்துல மூடி வச்சீங்கன்னா, இந்த ஈரத்துல சுத்தியும் வெள்ளைப் புகை படியும். குறைச்சு வைங்க, சின்ன ஃபேன் ஓடட்டும்.

உதடு. முதல்ல எப்படி இருக்கணும்னு தெரியணும். 2023ல சயன்ஸ் இதழ்ல வந்த ஆய்வு, தெரோபாட் (டைரனோசாரஸ் சேர்ந்த டைனோசர் வகை) பல்லு முதலை மாதிரி வெளிய காய்ஞ்சு நிக்கல, பல்லி மாதிரி உதட்டுக்குள்ள இருந்திருக்கும்னு வாதாடுது. பார்த்து வரைய புத்தகம் தேட வேண்டாம், சுங்கை புலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போங்க. அங்க முதலையும் இருக்கு, நீருடும்பும் இருக்கு. உடும்பு வாயை மூடினா ஒரு பல்லு தெரியாது. திறந்தாலும் ஈறும் உதட்டுத் தோலும் பல்லோட பாதியை மறைச்சிருக்கும். உங்க பொம்மை வாய் திறந்திருக்கு, அதனால பல்லை வெட்ட வேண்டாம், மேல் உதட்டைப் பல்லோட மேல்பாதி மறையுற அளவுக்கு இறக்குங்க.

மேல்தாடை கெட்டி. அங்க ஏப்பாக்சி ஸ்கல்ப்ட் சரி. ரெண்டு பாகமும் சம அளவு, ஒரே நிறமாகுற வரைக்கும் பிசைங்க. கோடு கோடா இருந்தா அந்த இடம் இறுகவே இறுகாது. டப்பால 24 மணி நேரத்துல முழுசா இறுகும்னு போட்டிருக்கும், கையாள ஒரு மணியிலிருந்து மூணு மணி. நம்ம சூட்டுல அந்தக் கையாளுற நேரம் குறையும், அதனால ஒரு பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் கலங்க. தாடை ஓரத்தை 240 உப்புத்தாளால சொரசொரப்பாக்கி, 0.5 மில்லிமீட்டர் துளை நாலஞ்சு போட்டு வைங்க, புட்டி அதுக்குள்ள போய் பிடிச்சுக்கும். 1.5 மில்லிமீட்டர் தடிமன்ல கயிறு மாதிரி உருட்டி வச்சு, தண்ணி தொட்ட கருவியால மேல்பக்கம் தோலோட இழைச்சுடுங்க, கீழ் விளிம்பை மட்டும் உருண்டையா விடுங்க.

கீழ்த்தாடை மெத்துன்னீங்க. அங்க இதையோ மில்லிபுட்டையோ வச்சா கல்லு மாதிரி இறுகி, தாடையை ஒரு தடவை அழுத்தினதும் சில்லா கழண்டு வரும். நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகுற க்ரீன் ஸ்டஃப் போடுங்க, இறுகினப்புறமும் கொஞ்சம் வளையும்.

செதில் போட ஊசியால ஒவ்வொண்ணா குத்தாதீங்க. பொம்மையோட விலாவுல வாஸ்லின் லேசா தடவி, மிச்சப் புட்டியை அமுக்கி எடுத்து இறுகவிடுங்க. அது முத்திரை. ஈரமா இருக்கிற உதட்டுல தண்ணி தொட்டு அமுக்குனா அதே செதில் விழும், ஒட்டு தெரியாது. பொம்மைச் செதிலெல்லாம் பெரிசாத்தான் இருக்கும், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. நிஜத் தோல் அச்சுல செதில் சில மில்லிமீட்டர்தான், 35ஆல வகுத்தா தலைமுடி மொத்தம் அளவுக்குத்தான் வரும்.

ஈசூன்வாசி

நன்றி. சோதனை இரண்டும் முதலில். உள்ளங்கை திருப்புவது பிரைமருக்கு முன் என்று குறித்துக்கொண்டேன்.

நிறம் பற்றி யாராவது சொல்லுங்கள். பழுப்பு, முதுகில் கறுப்பு வரி என்று மட்டும் மனத்தில் இருக்கிறது. வாஷுக்கு (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த கருஞ்சாயம்) எத்தனைக்கு எத்தனை? எண்ணெய்ச் சாயத்தில் வாஷ் போட்டால் பிவிசியில் அதுவும் பிசுபிசுக்குமா?

நிறமி

டைரனோசாரஸின் நிறம் தெரியாது, அதனால் சுதந்திரம் உண்டு. ஆனால் சுதந்திரம் என்றதும் புலி வரியையும் தவளை நீலத்தையும் கொட்டிவிடுகிறார்கள், பொம்மை பொம்மையாகவே நிற்கிறது. நிறம் தெரிந்த டைனோசர்களிலிருந்து தொடங்குவது நல்லது. சைனோசாரோப்டெரிக்ஸ்: 2010இல் நிறமித் துகள்களை வைத்துச் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் வால் என்று காட்டினார்கள். மைக்ரோராப்டர்: 2012, பளபளக்கும் கறுப்பு. சிட்டகோசாரஸ்: 2016, மேலே கரும்பழுப்பு, வயிறு வெளிர். பொரியலோபெல்டா: 2017, செம்பழுப்பு, அதிலும் வயிற்றுப்பக்கம் வெளிர். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள, கவசம் போர்த்திய விலங்குக்கே ஒளிந்துகொள்ளும் நிறம் தேவைப்பட்டிருக்கிறது.

மேல் கருமை, கீழ் வெளிர் என்பதுதான் பொம்மைச் சாயத்துக்கும் அடிப்படை. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதற்கும் இந்த ஆய்வுகளில் விடை இருக்கிறது. சிட்டகோசாரஸில் மாற்றம் மெதுவாக, உடம்பின் கீழ்ப்பகுதியில் நடக்கிறது. மரநிழலில் சிதறிய ஒளிக்கு அது பொருந்தும். சைனோசாரோப்டெரிக்ஸில் மாற்றம் விலாவில் உயரமாக, சட்டென்று. திறந்த வெளியின் நேர் வெயிலுக்கு அது பொருந்தும். உங்கள் டைரனோசாரஸ் எந்த நிலத்தில் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள், கோடு தானாக அமையும்.

செய்முறை. முதுகுக்கு பர்ன்ட் அம்பர் 2 பங்கு, யெல்லோ ஓக்கர் 1 பங்கு, கொஞ்சம் சாம்பல். வெறும் டப்பாப் பழுப்பு சாக்லேட் மாதிரி நிற்கும், சாம்பல்தான் அதை அடக்கும். வயிற்றுக்கு பஃப் (வெளிர் மஞ்சள்பழுப்பு) நிறத்தில் ஒரு துளி இளஞ்சிவப்பு. தூய வெள்ளை வேண்டாம். சாயமும் தண்ணீரும் சம அளவு, மூன்று மெல்லிய பூச்சு, நடுவில் இருபது நிமிடம். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் தூரிகையால் இழுக்காமல், கிழித்த பஞ்சுத் துண்டால் இரண்டின் கலவையை ஒற்றி ஒற்றி எடுங்கள். ஏர்பிரஷ் இல்லாத குறை அங்கே தெரியாது, சொல்லப்போனால் செதிலுக்கு ஒற்றியதுதான் பொருத்தம்.

வரி போடுவது இதற்குப் பிறகு, வாஷுக்கு முன். கறுப்பு எடுக்காதீர்கள், முதுகுக் கலவையிலேயே அம்பரைக் கூட்டி இரண்டு படி கருமையாக்குங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சடித்தது போல ஒத்துப்போகக் கூடாது. ஒவ்வொரு வரியும் முதுகுத்தண்டில் அகலமாகத் தொடங்கி, விலாவில் உடைந்து, புள்ளியாகி மறையட்டும். வாலில் நெருக்கமாக, கழுத்தில் இடைவெளி விட்டு.

வாஷ்: கருஞ்சாயம் 1, மேட் மீடியம் 3, தண்ணீர் 4. வெறும் தண்ணீரில் நீர்த்தால் காயும்போது குட்டை விளிம்பு போலக் கறை வளையம் விழும், அதற்குத்தான் மீடியம். ஒரு பக்கமாக, தொடை, விலா, கழுத்து என்று பகுதி பகுதியாகப் போட்டு, செதில் மேடுகளில் நிற்பதை உடனே ஈரத் தூரிகையால் துடையுங்கள்.

எண்ணெய் வாஷ் அழகு. மெதுவாகக் காய்வதால் நிதானமாகத் துடைக்கலாம். ஆனால் பிவிசிமேல் நேரடியாகப் பட்டால் நீங்கள் பயப்படுவது நடக்கும். அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு, 24 மணி நேரம், அதன்மேல்தான் எண்ணெய். பர்ன்ட் அம்பர் குழாய்ச் சாயத்தை அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள், உபரி எண்ணெயை அட்டை குடித்துவிடும். பிறகு வாடையில்லாத வைட் ஸ்பிரிட்டில் நீர்த்துப் போடுங்கள். விரல், வால் நுனிக்குக் கொண்டுபோகாதீர்கள். மிஞ்சிய ஸ்பிரிட்டைச் சிங்க்கில் கொட்டாமல் மூடிய புட்டியில் தெளியவிட்டால் மேல்திரவத்தை மறுபடி எடுக்கலாம்.

டிரை பிரஷ் கடைசி. மலிவான மேக்கப் தூரிகை, உருண்டைத் தலை உள்ளது, இதற்கு மாடல் கடைத் தூரிகையைவிட மேல். அடிநிறத்தில் பஃப் கலந்து, காகிதத்தில் துடைத்துத் துடைத்து, சாயமே இல்லை என்று தோன்றும்போது பொம்மையைத் தொடுங்கள். பலரும் இதைக் கூட்டிச் செய்து தூசி படிந்த பொம்மையாக்கிவிடுகிறார்கள். தலை, முதுகு முகடு, முழங்கால் மூன்றிலும் கூடுதலாக, மற்ற இடங்களில் பேருக்கு.

முகத்துக்கு மட்டும் தனி நேரம் ஒதுக்குங்கள். கண் 2 மில்லிமீட்டர்தான். முதலில் குழி முழுக்கக் கரும்பழுப்பு, அதற்குள் விளிம்பு மிஞ்சும்படி மஞ்சள் ஓக்கர் கலந்த ஆரஞ்சு, நடுவில் வட்டக் கறுப்புப் பாவை, பல்குச்சி முனையால் ஒரு தொடு. பூனைக்கண் கீற்று வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், டைனோசர் வழிவந்த பறவைகளுக்குப் பெரும்பாலும் வட்டம்தான். பாவை எங்கே பார்க்கிறது என்பதை இரண்டு கண்ணுக்கும் முன்னாலிருந்து ஒத்துப் பாருங்கள். வெள்ளைப் பொட்டு வைக்காமல், எல்லா மேட் வார்னிஷும் காய்ந்தபின் கண்ணில் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வையுங்கள், ஒளி தானாக விழும். நாக்கும் வாயும் சிவப்பு அல்ல, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, அதற்கும் பளபளப்பு. பல்லுக்குத் தந்த நிறம், ஈறோரம் பழுப்பு வாஷ். உதட்டுக்கு உடம்பைவிடச் சற்றுக் கருமை கொடுத்தால் நீங்கள் வைத்த புட்டி வேலை தெளிவாகத் தெரியும்.

அடுத்து நீள்கழுத்து உருவம் எடுத்தால் ஒன்று: பல பொம்மைகளில் முன்னங்காலின் ஐந்து விரலுக்கும் நகம் தீட்டியிருப்பார்கள். டிப்ளோடோகஸ் வகைக்கு முன்காலில் கட்டைவிரலில் மட்டும்தான் நகம், பின்காலில் மூன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் அரும்பொருளகத்தில் பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கி என்ற மூன்று நீள்கழுத்து எலும்புக்கூடுகளும் நிற்கின்றன; கழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாமல் பாதத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உபரி நகத்தைத் தோல் நிறத்தில் மூட ஐந்து நிமிட வேலை.

மூன்றுகொம்பு

கார்னோட்டாரஸ் கேட்டிருந்தாரே, அதை எல்லாரும் விட்டுவிட்டோம்.

மின்கலத்தை எடுங்கள். தண்ணீரில் முக்க முடியாது, ஈரத்துணியால் சோப்பு, பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு ஆல்கஹால். ஒலிபெருக்கித் துளைகளையும் பொத்தான் இடைவெளியையும் டேப்பால் மூடுங்கள். வாஷ் உள்ளே இறங்கினால் பொத்தான் ஒட்டிக்கொண்டு உறுமிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட பொம்மைகளில் உடம்பு பெரும்பாலும் கெட்டி ஏபிஎஸ் பிளாஸ்டிக், தலையோ வாலோ மெத்தான பிவிசி. இரண்டிலும் ஒரே சாயம் ஒரே நிறமாகக் காயாது, பிரைமர் போட்டால்தான் சமமாகும்.

மூட்டுகளில் எந்தச் சாயமும் நிலைக்காது, உராய்வை வெல்லும் வார்னிஷ் இல்லை. செய்யக்கூடியது இரண்டு. மூட்டை முழு அளவுக்கும் ஆட்டிப் பார்த்து, உரசும் வளையத்தைப் பென்சிலால் குறித்து, அந்த இடத்தைச் சாயமில்லாமல் விடுங்கள். அடிநிறத்தையே அந்தப் பிளாஸ்டிக்கின் நிறத்துக்கு நெருக்கமாகத் தேர்ந்துகொண்டால் விட்ட இடம் கண்ணை உறுத்தாது. அல்லது உரசும் விளிம்பை 400 தாளால் ஒரு சாயப்படலம் தடிமனுக்குத் தேய்த்து இடைவெளி உண்டாக்கிவிட்டு, மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. காயும்வரை காலை நடு நிலையில் விட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஒருமுறை லேசாக அசையுங்கள், இல்லையேல் சாயமே பசையாகி மூட்டைப் பூட்டிவிடும். பூட்டிக்கொண்டால் முறுக்காதீர்கள், ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி மெதுவாக.

தாடையின் உள்விளிம்பில் பல் உரசும் இடமும் இதே கதைதான், அங்கே வாய்நிறம் வேண்டாம்.

பழையபடி குழந்தை கையில் விளையாடக் கொடுப்பதாக இருந்தால் சாயமே பூசாதீர்கள். வாயில் வைக்கும் வயதென்றால் எந்த வார்னிஷையும் நம்ப முடியாது.

பூன்லே பல்லி

ஒண்ணு விட்டுட்டேன். முடிச்சப்புறம் பபிள் ராப்ல சுத்தி வைக்காதீங்க. பிளாஸ்டிசைசர் அதோட ஒட்டும், குமிழ் குமிழா தடம் விழுந்து வார்னிஷோட உரிஞ்சு வரும். வீடு மாத்துறப்பதான் பலருக்கும் இது தெரிய வரும். சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணி இல்லன்னா பேக்கிங் பேப்பரை மேல தளர்வா சுத்தி, அட்டைப்பெட்டியில நிக்க வைங்க. ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டா போதும், பொம்மை மேல படாம ஓரத்துல.